திறப்பதா, துண்டிப்பதா?

கரண்ட் தமிழில் ஓர் ஆள் மாதிரி. வரும், போகும். 'இன்னும் வரலியா?' என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டால், விசாரிப்பது மாமாவையா கரண்டையா என்று ஒரு விநாடி யோசிக்க வேண்டியிருக்கும். எம்.ஏ. தமிழ் சான்றிதழோடு 2001 கோடையில் நான் தில்லிக்கு வந்தபோது இங்கும் அதே கதைதான். 'லைட் சலீ கயீ', 'லைட் ஆ கயீ' என்று பெண்பாலில் சொன்னார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

போன ஆளைத் தேடிப் பிடிக்கும் வழி அன்று நாடெங்கும் ஒன்றாகத்தான் இருந்தது. துணை மின்நிலையத்திலிருந்து கிளம்பும் 11,000 வோல்ட் பீடர் ஒன்று வழியெல்லாம் டிரான்ஸ்ஃபார்மர்களுக்குத் தீனி போட்டுக்கொண்டே போகும். நடுவில் எங்கோ ஓரிடத்தில் கேபிள் பழுதானால் துணை மின்நிலையத்தில் பிரேக்கர் விழும். வட்டாரம் முழுக்க இருட்டு. பழுது எங்கே என்று பிரேக்கருக்குத் தெரியாது, அதைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கும் தெரியாது. லைன்மேன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவார். பாதி வழியில் ஒரு சுவிட்சைத் துண்டித்துவிட்டு 'போட்டுப் பார்' என்று தகவல் அனுப்புவார். பிரேக்கர் நின்றால் பழுது அதற்கு அப்பால், விழுந்தால் இப்பால். பிறகு மிச்சத்தில் பாதி. அப்புறம் அதிலும் பாதி. இப்படித் தேடுவதில் இரண்டு சங்கடங்கள். மழையிலும் இரவிலும் இது மணிக்கணக்கில் நீளும். தவிர, ஒவ்வொரு 'போட்டுப் பார்'க்கும் ஏற்கெனவே அடிபட்ட கேபிள் இன்னொரு அடி வாங்கும்.

இன்று அந்தத் தேடலை ஒரு பெட்டி செய்கிறது. நகரங்களில் நடைபாதை ஓரம் ஆளுயரத்துக்குச் சாம்பல் நிறத்தில் நிற்குமே, டியூஷன் நோட்டீஸும் 'வாடகைக்கு அறை' நோட்டீஸும் ஒட்டப்பட்டு, மேலே யாராவது தண்ணீர் கேன் வைத்திருப்பார்களே, அந்த வகைப் பெட்டி. உள்ளே பாதி இடத்தில் கனமான சுவிட்சுகள் இருக்கின்றன. வளைய வடிவில் ஓடும் கேபிளை அங்கங்கே பிரிக்கவும் சேர்க்கவும் அவை. மீதி இடத்தில் ஒரு சின்ன மின்னணுக் கருவி, ஒரு பேட்டரி, ஒரு மோடம். அந்தக் கருவிக்குத்தான் பொறியாளர்கள் ரிமோட் டெர்மினல் யூனிட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பீடரில் மாட்டினால் ஃபீடர் டெர்மினல். 'தொலை முனைய அலகு' என்று தமிழில் எழுதலாம். எழுதினால் ஒருவருக்கும் புரியாது.

எழுதலாமா கூடாதா என்று யோசிப்பதற்கு எனக்குக் காசு கொடுத்தார்கள். பத்திரிகை வேலை போக மிச்ச நேரத்தில் நான் கையேடுகள் மொழிபெயர்க்கிறேன். பிரஷர் குக்கர், ரத்தச் சர்க்கரைமானி, இன்ஷூரன்ஸ் பாலிசி என்று எது வந்தாலும். சில ஆண்டுகளுக்கு முன்பு நொய்டாவில் இருக்கும் ஒரு ஒப்பந்தக்காரர் இந்தப் பெட்டிகளின் கையேட்டைக் கொண்டுவந்தார். 140 பக்கம். ஏழு இந்திய மொழிகளில் வேண்டுமாம். தமிழ் என் பங்கு. எந்த ஊருக்கு, எந்த நிறுவனத்துக்கு என்று வெளியே சொல்லக்கூடாது என்பது ஒப்பந்தம். எனவே அதை விட்டுவிடுவோம்.

முதல் வாரம் கருவி என்ன செய்கிறது என்று புரிந்துகொள்வதிலேயே போனது. புரிந்ததும் சற்று மலைத்துப்போனேன். ஒரு பீடரில் வரிசையாக ஆறு பெட்டிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடி ஒரு துணை மின்நிலையத்தில், மறுகோடி இன்னொன்றில். ஆறாவது பெட்டிக்கு அப்பால் ஓரிடம் மட்டும் வேண்டுமென்றே துண்டித்து வைக்கப்பட்டிருக்கும். மூன்றாவது பெட்டிக்கும் நான்காவதுக்கும் நடுவே யாரோ குழாய் பதிக்கத் தோண்டி கேபிளைக் கிழித்துவிடுகிறார். அந்தக் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் பழுதை நோக்கிப் பாய்கிறது. 1, 2, 3ஆம் பெட்டிகள் அதைப் பார்க்கின்றன. நான்காவது பார்க்கவில்லை. பிரேக்கர் விழுகிறது. ஆனால் இப்போது மூன்று பெட்டிகள் கட்டுப்பாட்டு அறைக்கு 'என் வழியாகப் போனது' என்று சொல்லிவிட்டன. நான்காவது ஒன்றும் சொல்லவில்லை. அது சொல்லாததுதான் துப்பு. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் மூன்றின் வெளிவாயிலையும் நான்கின் உள்வாயிலையும் துண்டிக்கிறார். பிரேக்கரைப் போடுகிறார். முதல் மூன்று பெட்டிகளின் பகுதிக்கு விளக்கு வந்துவிடும். ஆறாவதுக்கு அப்பால் துண்டித்து வைத்த இடத்தை இணைக்கிறார். மீதிப் பகுதிக்கு அடுத்த துணை மின்நிலையத்திலிருந்து வந்துவிடும். கிழிந்த கேபிள் மட்டும் இருட்டில் கிடக்கும். சைக்கிளில் மணிக்கணக்கில் நடந்த தேடல் நாற்காலியில் சில நிமிடங்களில் முடிகிறது. சில ஊர்களில் கம்ப்யூட்டரே இதையெல்லாம் செய்துவிடுகிறது. ஆளைக் கேட்பதுகூட இல்லை.

கையேட்டில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு சின்ன அட்டவணை. ஒரு சுவிட்ச் துண்டிப்பில் இருக்கிறதா, இணைப்பில் இருக்கிறதா என்று சொல்ல ஒரு பிட் போதும்: 0 அல்லது 1. ஆனால் இந்தக் கருவிகள் இரண்டு பிட் செலவழிக்கின்றன. சுவிட்சுக்குள் இரண்டு தனித்தனித் தொடுப்புகள் உண்டு. ஒன்று துண்டிப்பில் இருக்கும்போது மட்டும் பேசும், மற்றது இணைப்பில் இருக்கும்போது மட்டும் பேசும். 01 என்றால் துண்டிப்பு. 10 என்றால் இணைப்பு. 00 என்றால் இரண்டுக்கும் நடுவே எங்கோ, பாதி வழியில். 11 என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் 'நான்தான்' என்கின்றன. அதாவது எதையும் நம்பாதே. சுவிட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாதபோது 'தெரியாது' என்று சொல்வதற்காகவே ஒரு பிட்டை அதிகப்படியாக ஒதுக்கியிருக்கிறார்கள். பேட்டி எடுப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, நான் சந்தித்த பல அதிகாரிகளிடம் இந்த இரண்டாவது பிட் இல்லை என்று தோன்றியது.

கட்டளை போகும் விதமும் அப்படித்தான், இரண்டு தவணையில். முதலில் 'மூன்றாம் பெட்டி, இரண்டாம் சுவிட்ச்' என்று தேர்வு செய்ய வேண்டும். பெட்டி அதைத் திருப்பிச் சொல்லும். பிறகுதான் 'செய்'. குறித்த நேரத்துக்குள் 'செய்' வராவிட்டால் தேர்வு தானாக ரத்தாகிவிடும். கல்யாணத்துக்கு முன்னால் நிச்சயதார்த்தம் வைக்கிற மாதிரி.

அதே அலமாரியில் சாதுவாக உட்கார்ந்திருக்கும் பேட்டரிதான் இதில் வில்லன். பீடர் செத்துவிட்டால் பெட்டிக்கும் கரண்ட் இல்லை. மொத்த அமைப்பும் எந்தத் தருணத்துக்காக நிறுவப்பட்டதோ அந்தத் தருணத்தில் அது பேட்டரியை நம்பித்தான் பேச வேண்டும். தில்லி மே மாத வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் பேட்டரியின் ஆயுள் என்னவாகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கையேட்டில் பேட்டரி பராமரிப்புக்கு இரண்டு பக்கம். டெண்டரில் பெட்டி வாங்கப் பணம் இருக்கும். நான்கு வருடம் கழித்து பேட்டரி மாற்ற இருக்குமா? 'அது வேற ஹெட்' என்றார் ஒப்பந்தக்காரரின் பொறியாளர். அரசு அலுவலகம் பக்கம் போனவர்களுக்கு அந்த 'ஹெட்' புரியும்.

இந்தப் பெட்டிகள் திடீரென்று முளைத்துவிடவில்லை. 2002 ஜூலையில் தில்லியின் மின் விநியோகம் பிரிக்கப்பட்டுத் தனியார் பங்குள்ள மூன்று நிறுவனங்களிடம் போனபோது, திருட்டு, கசிவு, வசூலாகாத பில் எல்லாம் சேர்ந்த இழப்பு 50 சதவீதத்துக்கும் மேல். பாதிக்குப் பாதி. இன்று அது 10 சதவீதத்தை ஒட்டியும் அதற்குக் கீழேயும் வந்திருக்கிறது என்றால், பெட்டிகளுக்கும் மீட்டர்களுக்கும் அதில் பங்கு உண்டு. மற்ற ஊர்களுக்கு 2008இல் மத்திய அரசின் திட்டம் வந்தது. 4 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகையும் ஆண்டுக்கு 35 கோடி யூனிட்டுக்கு மேல் மின்சாரத் தேவையும் உள்ள நகரங்களில் தொலைவிலிருந்து கண்காணித்துக் கட்டுப்படுத்தும் 'ஸ்காடா' அமைப்பு என்று அதில் எழுதியிருந்தது. எழுதியது எல்லா நகரங்களிலும் ஒரே வேகத்தில் நடந்துவிடவில்லை.

திரையில் தெரிந்தால் மட்டும் போதாது என்பதற்கு நான் நேரில் பார்த்த சாட்சி 2012 ஜூலை. 30ஆம் தேதி அதிகாலை 2:33க்கு வட இந்திய கிரிட் விழுந்தது. சரிசெய்து மூச்சு விடுவதற்குள் 31ஆம் தேதி பகல் ஒரு மணிக்கு வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து விழுந்தன. 60 கோடிக்கும் அதிகமான மக்கள் வசிக்கும் பரப்பு. போனது சுமார் 48,000 மெகாவாட். தில்லி மெட்ரோ நின்றது. ஜெனரேட்டர் ஓடும் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து நான் இருட்டைப் பற்றிய செய்தியை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து அம்மா போன் செய்தாள். தமிழ்நாட்டில் அந்த வருடம் மணிக்கணக்கில் மின்வெட்டு. 'உங்க ஊர்லயுமா?' என்றாள், கொஞ்சம் திருப்தியோடு. தென்னிந்திய கிரிட் அன்று மற்றவற்றோடு ஒரே துடிப்பில் இணைக்கப்படாமல் தனியாக இருந்ததால் தப்பித்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கே.வி. லைன் வழியாக அதுவும் சேர்ந்தது. அந்த இரண்டு நாளும் நாட்டில் யாருக்கும் தெரியாமல் எதுவும் நடந்துவிடவில்லை. பீனா-குவாலியர் 400 கே.வி. லைன் தாங்காது என்பது திரையில் இருந்தது. அதிகமாக இழுக்காதீர்கள் என்று மாநிலங்களுக்குச் செய்தி போனது. அதிர்வெண் குறைந்தால் தானாகச் சுமையைக் கழற்றிவிட வேண்டிய ரிலேக்கள் எதிர்பார்த்த அளவுக்குக் கழற்றவில்லை என்று விசாரணைக் குழு எழுதியது. கருவிகள் இல்லாமல் இல்லை. சில கருவிகள் பெயருக்கு இருந்தன.

இப்போது கருவி வீட்டுச் சுவருக்கே வந்துவிட்டது. 2021இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் 25 கோடி ஸ்மார்ட் பிரீபெய்டு மீட்டர்கள் என்பது இலக்கு. இதன் கையேட்டிலும் கொஞ்சம் என் கை பட்டிருக்கிறது. கரண்ட் நிற்கும் கணத்தில் மீட்டர் தன்னிடம் மிச்சமிருக்கும் துளி சக்தியைக் கொண்டு ஒரு கடைசிச் செய்தி அனுப்பிவிட்டு அணைகிறது. அந்தச் செய்திக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'லாஸ்ட் காஸ்ப்'. கடைசி மூச்சு. சங்க இலக்கியம் படித்தவள் என்பதற்காக இதையெல்லாம் ரசிக்கிறேன் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். ஆனால் அதே மீட்டருக்குள் ஒரு சுவிட்சும் இருக்கிறது. பணம் தீர்ந்தால் ஏணி இல்லாமல், ஆள் வராமல், வாசலில் வாக்குவாதம் இல்லாமல் அது துண்டிக்கும். 2024இல் குஜராத்திலும் பீகாரிலும் மக்கள் இந்த மீட்டர்களை எதிர்த்துத் தெருவுக்கு வந்தபோது, தொழில்நுட்பம் தெரியாதவர்கள் என்று சில பொருளாதாரப் பத்திகளில் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பெட்டியில் எத்தனை சுவிட்ச் இருக்கிறது என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. வாசலில் நடந்த வாக்குவாதத்தில் சில சமயம் இரண்டு நாள் தவணை கிடைக்கும்.

தொலைவிலிருந்து துண்டிக்க முடிகிறது என்றால் தொலைவிலிருக்கும் யாராலும் முடியும். உக்ரைனில் 2015 டிசம்பர் 23 அன்று நடந்தது இதுதான். மேற்குப் பகுதியிலுள்ள இவானோ-ஃபிராங்கிவ்ஸ்க் வட்டாரக் கட்டுப்பாட்டு அறையில் மேஜை முன் இருந்தவர் தன் திரையில் சுட்டெலியின் அம்புக்குறி தானாக நகர்வதைப் பார்த்தார். அது ஒவ்வொரு பிரேக்கராகப் போய் துண்டித்துக்கொண்டிருந்தது. தேர்வு செய், திருப்பிக் கேள், செய் என்று எல்லா முறையும் வழுவாமல் நடந்தது, நடத்தியவன் வேறு. இவருடைய கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டான். மூன்று விநியோக நிறுவனங்கள், சுமார் 30 துணை மின்நிலையங்கள், 2 லட்சத்து 25 ஆயிரம் வாடிக்கையாளர்கள். புகார் சொல்ல முடியாதபடி தொலைபேசி மையத்தைப் போலி அழைப்புகளால் அடைத்தார்கள். துணை மின்நிலையங்களில் கட்டளையை வாங்கிக் கொடுக்கும் கருவிகளுக்குள்ளிருந்த மென்பொருளை அழித்து அவற்றை வெறும் டப்பாக்களாக்கினார்கள். ஆனாலும் ஒரு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் விளக்கு வந்துவிட்டது. எப்படி? ஊழியர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு துணை மின்நிலையங்களுக்குப் போய்க் கையால் போட்டார்கள். பழைய பாணியில் வேலை தெரிந்தவர்கள் அங்கே இன்னும் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள்.

நம் பெட்டியிலும் அதற்கு ஒரு சாவி உண்டு. லோக்கல் / ரிமோட். லோக்கலில் திருப்பி வைத்தால் கட்டுப்பாட்டு அறையின் கட்டளையைப் பெட்டி ஏற்காது. முன்னால் நிற்கிறவர் சொல்வதை மட்டும் கேட்கும். கம்பத்தில் ஏறப்போகிறவரின் உயிர் முதலில் தொங்குவது அந்தச் சாவியில். அதை இன்றும் 'லோக்கல்', 'ரிமோட்' என்றுதான் தமிழில் எழுதியிருக்கிறேன். 'அண்மை', 'சேய்மை' என்று எழுத எனக்குத் தெரியாதா என்ன!

என் மேஜைக்கு வந்த கட்டு காலியாக வரவில்லை. செலவைக் குறைக்க கம்ப்யூட்டரை வைத்து ஒரு முதல் வரைவு தயாரித்து, 'திருத்தினால் போதும்' என்று அனுப்பியிருந்தார்கள். ஆங்கிலத்தில் சுவிட்சை 'ஓபன்' செய்தால் கரண்ட் நிற்கும், 'க்ளோஸ்' செய்தால் பாயும். கம்ப்யூட்டர் பக்கத்துக்குப் பக்கம் 'சுவிட்சைத் திறக்கவும்', 'சுவிட்சை மூடவும்' என்று போட்டிருந்தது. அகராதிப்படி குற்றமில்லை. பள்ளிப் பாடநூலில்கூட 'திறந்த மின்சுற்று', 'மூடிய மின்சுற்று' என்றுதான் படித்தோம். ஆனால் தமிழில் எதைத் திறந்தால் எது நிற்கிறது? குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். மடையைத் திறந்தால் வயலுக்குப் பாயும். வாயைத் திறந்தால் பேச்சு வரும். தமிழ் மனத்துக்குத் திறப்பது என்றால் ஓட விடுவது. நள்ளிரவில் மழையில் கம்பத்தின் கீழே நிற்பவரிடம் மேலே ஒருவர் இருக்கும்போது 'திற' என்றால் அவர் கை எந்தப் பக்கம் போகும்? 140 பக்கத்திலும் இருந்த ஒவ்வொரு 'திற'வையும் 'துண்டி' ஆக்கினேன், ஒவ்வொரு 'மூடு'வையும் 'இணை' ஆக்கினேன். திருத்தினால் போதும் என்றவர்களுக்கு இது பிடிக்கவில்லை. மற்ற மொழிக்காரர்கள் இவ்வளவு கேள்வி கேட்கவில்லையாம்.

அச்சுக்குப் போகுமுன் வேலை செய்பவர்கள் ஒருமுறை படிக்க வேண்டும் என்று கேட்டேன். இரண்டு வாரம் இழுத்தடித்துவிட்டு, பயிற்சிக்கு வந்திருந்த எட்டு ஊழியர்களோடு வீடியோவில் இரண்டு மணி நேரம் ஏற்பாடு செய்தார்கள். மூத்தவர் ஒருவர், ஓய்வுபெற இரண்டு வருடம் இருப்பவர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பக்கங்களைப் புரட்டினார். அண்ணன் என்றுதான் மற்ற ஏழு பேரும் அவரைக் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

'மேடம், இந்தத் தனிமைப்படுத்துதல்னு எழுதியிருக்கீங்களே, அது கொரோனாவுக்குப் பண்றது' என்றார். எட்டுப் பேரும் சிரித்தார்கள்.

'நீங்க என்னண்ணே சொல்வீங்க?'

'லைன் பிரிக்கிறதும்போம். இல்லன்னா எல்.சி. வாங்கிட்டோம்போம்.'

எல்.சி. என்றால் லைன் கிளியர். இன்னாருக்கு இந்த லைனில் வேலை செய்ய அனுமதி, அவர் திருப்பித் தரும்வரை யாரும் போடக்கூடாது என்கிற ஒப்பந்தம். கையேட்டில் அதற்கு அரைப் பக்கத்துக்கு ஒரு பெயர் இருந்தது. எல்.சி. என்று மாற்றினேன். 'நிலத்தொடர்பு' எர்த் ஆனது. இளைஞர் ஒருவர் மட்டும் 'துண்டி' கொஞ்சம் கடுமையாக இருக்கிறது என்றார். அண்ணன் விடவில்லை. 'கடுமையாவே இருக்கட்டும்டா.'

பிறகு பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்ட வேண்டிய ஸ்டிக்கருக்கு வந்தோம். எனக்கும் ஒப்பந்தக்காரருக்கும் முட்டிக்கொண்டது இதில்தான். மின்துறையில் நிறங்களுக்குத் தனி இலக்கணம். சிவப்பு விளக்கு என்றால் சுவிட்ச் இணைப்பில் இருக்கிறது, ஜாக்கிரதை. பச்சை என்றால் துண்டிப்பில். ஸ்டிக்கரில் இடம் குறைவு என்பதால் ஆங்கிலத்தில் இருந்த மூன்று வாக்கியங்களை விட்டுவிட்டு, 'பச்சை விளக்கு எரிந்தால் வேலை செய்யலாம்' என்று ஒரே வரியில் போட்டுவிடச் சொன்னார்கள். அந்த வரியைத் திரையில் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன்தான் ஆரம்பித்தார். பல வருடம் முன்பு, அவரோடு வேலை பார்த்தவர். சுவிட்ச் முறையாகத் துண்டித்திருந்தது. எல்.சி. வாங்கியிருந்தார்கள். பழுதான இடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். கரண்ட் போனதும் மண்டபத்தில் ஜெனரேட்டரைப் போட்டார்கள். மெயினைக் கழற்றவில்லை. டிரான்ஸ்ஃபார்மருக்கு ஏறுவழி இறங்குவழி என்று எதுவும் கிடையாது. மேலே 11,000 வோல்ட் கொடுத்தால் கீழே 433 வரும். கீழே ஜெனரேட்டர் 433 கொடுத்தால் மேலே 11,000 வரும். சுவிட்ச் துண்டித்துத்தான் இருந்தது. லைனில் கரண்டும் இருந்தது. 'கையில டெஸ்டர் இருந்துச்சு மேடம். வேன்ல இருந்துச்சு' என்று நிறுத்தினார். எட்டு முகங்களில் ஒன்றும் கேமராவைப் பார்க்கவில்லை.

இப்போது மண்டப ஜெனரேட்டர் மட்டுமல்ல, மாடிக்கு மாடி இன்வெர்ட்டர், சோலார். விதிப்படி, கிரிட் செத்தால் சோலார் தானாக நிற்க வேண்டும். பெரும்பாலும் நிற்கும். பச்சை விளக்கு அந்த ஒரு சுவிட்ச் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. லைன் உயிரோடு இருக்கிறதா என்று அதைக் கேட்டால் அதனிடம் பதில் இல்லை. அதற்கு அந்த இரண்டாவது பிட்டும் உதவாது.

மறுநாள் ஒப்பந்தக்காரருக்கு எழுதினேன். அந்த ஒற்றை வரியோடு என் பெயரில் கோப்பு வராது, வேண்டுமானால் மீதிப் பணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று. கொஞ்சம் நாடகத்தனமான கடிதம்தான். அந்த மாதம் வீட்டு வாடகைக்கு அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தேன். நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் பொறியாளர் கூப்பிட்டார். அவருடைய குரலில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது. ஸ்டிக்கரின் அளவை மாற்ற முடியாது, பிளேட் போட்டாகிவிட்டது. கம்பெனி லோகோவை வேண்டுமானால் எடுத்துவிடலாம், அந்த இடத்தில் எவ்வளவு முடியுமோ எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அவருடைய மேலதிகாரியிடம் லோகோவைப் பற்றி அவர் என்ன சொல்லிச் சமாளித்தாரோ, நான் கேட்கவில்லை.

அண்ணனுக்கு போன் செய்து இரண்டு மூன்று விதமாகப் படித்துக் காட்டினேன். 'சோதித்துப் பார்க்கவும்' வேண்டாம், 'டெஸ்ட்' என்று போடுங்கள் என்றார். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்றார். மழையில் கண்ணாடி நனைந்திருக்கும், வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டுதான் படிப்பார்களாம். கடைசியில் நின்றது இது:

'சுவிட்ச் துண்டிப்பில் இருந்தாலும் லைனில் கரண்ட் இருக்கலாம். டெஸ்ட் செய்து, எர்த் போட்ட பிறகே கை வைக்கவும்.'

பில் அனுப்பும்போது ஸ்டிக்கரைத் தனி வரியாகப் போட்டேன். சொல்லுக்கு இவ்வளவு என்பது கணக்கு. 13 சொற்கள். பணம் மூன்று மாதம் கழித்து, வரி பிடித்தம் போக, வந்து சேர்ந்தது.